எல்லோர் கையிலும் ஐபேட்: லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளிகளில் நடந்தது என்ன?

2013 ஜூன் 18 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஒருங்கிணைந்த பள்ளி மாவட்டத்தின் கல்வி வாரியம் கூடி, ஆப்பிள் நிறுவனத்துடன் 3 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட ஒப்புதல் தந்தது. 47 பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஐபேட். அதுவும் முதல் கட்டம்தான். அமெரிக்காவின் இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டம் அது. அன்றைக்கு அங்கே சுமார் 6.5 லட்சம் மாணவர்கள் படித்தார்கள். அத்தனை பேருக்கும் கருவி, அத்தனை பள்ளிக்கும் வைஃபை என்று கணக்குப் போட்டபோது மொத்தச் செலவு 130 கோடி டாலர் வரை போனது.

2014 ஆகஸ்டில் அந்த ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. அக்டோபரில் மாவட்டக் கல்விக் கண்காணிப்பாளர் ஜான் டீசி பதவி விலகினார். டிசம்பர் 1 அன்று எஃப்.பி.ஐ. அதிகாரிகள் வந்து 20 பெட்டி ஆவணங்களை எடுத்துப் போனார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒன்று, டெண்டர் சர்ச்சை. இன்னொன்று, ஐபேடின் கட்டுப்பாட்டுப் பூட்டை உடைத்த பள்ளிப் பிள்ளைகள். இரண்டும் நடந்தவைதான். ஆனால் டெண்டர் சுத்தமாக நடந்திருந்தாலும், ஒரு பிள்ளைகூட பூட்டைத் தொடாமல் இருந்திருந்தாலும் இந்தத் திட்டம் வகுப்பறையில் தேறியிருக்காது என்பது என் முடிவு. பத்தாம் வகுப்பு ஆசிரியர் திங்கட்கிழமை காலை எந்தப் பாடத்துக்காக இதைக் கையில் எடுப்பார் என்ற கேள்விக்கு, பணம் கைமாறும் வரை யாரிடமும் பதில் இருக்கவில்லை. இந்த ஆய்வில் நான் பார்க்க விரும்புவது அந்த இடத்தைத்தான்.

எதற்காக வாங்கினார்கள்

காரணம் இரண்டு. முதலாவது நியாயமானது, மனதாரச் சொல்லப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பான்மையோர் ஏழைக் குடும்பத்தினர். வீட்டில் கணினி இல்லாதவர்கள் ஏராளம். வசதியான பகுதியில் இருக்கும் பிள்ளைக்குக் கிடைப்பது கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்று டீசி பேசினார். இதை அவர் சமூக உரிமைப் பிரச்சினையாகவே பார்த்தார். இந்த வாதத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பின்னாளில் இதே ஊரில் நடந்த ஒன்று, அவர் சொன்னது எவ்வளவு சரி என்று காட்டியது. அதைப் பிறகு பார்ப்போம்.

இரண்டாவது காரணம் தேர்வு. கலிஃபோர்னியா 2010-ல் 'காமன் கோர்' என்ற பொதுக் கற்றல் தர வரையறைகளை ஏற்றுக்கொண்டது. அதையொட்டி வந்த புதிய மாநிலத் தேர்வைத் தாளில் எழுதாமல் திரையில் எழுத வேண்டும். 2014 வசந்த காலத்தில் அதன் வெள்ளோட்டம். அதற்குள் பள்ளிகளில் கருவிகள் இருந்தாக வேண்டும். திட்டத்துக்கே காமன் கோர் தொழில்நுட்பத் திட்டம் என்றுதான் பெயர் வைத்தார்கள்.

சிக்கல் இங்கேயே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். தேர்வுக்குத் தேதி உண்டு, கற்றலுக்கு அப்படி ஒரு தேதி இல்லை. இரண்டையும் ஒரே கொள்முதலில் சேர்த்தால் தேதி உள்ளதுதான் ஜெயிக்கும். ஆசிரியர்கள் ஒரு வருடம் பழகட்டும், சில பள்ளிகளில் மட்டும் செய்து பார்ப்போம், எட்டாம் வகுப்பு அறிவியலுக்கு இது உதவுகிறதா என்று கவனிப்போம் என்றெல்லாம் நின்று யோசிக்க அவகாசம் இருக்கவில்லை. வருடத்தில் சில நாட்கள் தேர்வு எழுதவும், மீதி நாட்கள் முழுக்கப் படிக்கவும் ஒரே கருவி போதும் என்று வைத்துக்கொண்டார்கள். தேர்வு எழுதத் தேவையானதும் படிக்கத் தேவையானதும் ஒன்றுதானா என்று கேட்டிருந்தாலே பாதி விஷயம் வெளியே வந்திருக்கும்.

பெட்டிக்குள் என்ன இருந்தது

கருவி ஒன்றின் விலை 678 டாலர் என்று முதலில் சொன்னார்கள். வரியும் மற்றக் கட்டணங்களும் சேர்ந்தபோது சுமார் 770 டாலர் ஆனது. கடையில் ஒரு ஐபேட் அதைவிடக் குறைவாகக் கிடைக்கிறதே என்று பெற்றோர்கள் கேட்டார்கள். வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் உள்ளே இருந்த பாடம். பியர்சன் என்ற பாடநூல் நிறுவனம் தயாரிக்கும் ஆங்கிலம், கணிதம் இரண்டுக்குமான டிஜிட்டல் பாடத்திட்டம் ஐபேடோடு சேர்த்தே விற்கப்பட்டது. அந்தப் பாடத்துக்கான உரிமம் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், வாங்கும்போது அந்தப் பாடம் முழுமையாக எழுதி முடிக்கப்படவில்லை. முதல் வருடம் பள்ளிகளுக்குப் போனது ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு சில மாதிரி அலகுகள்தான். ஒரு பள்ளியில் புதுப் பாடநூல் வாங்குவதென்றால் ஆசிரியர் குழு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்துப் பார்ப்பது வழக்கம். இங்கே படித்துப் பார்ப்பதற்கு முழுப் புத்தகமே இல்லை. எழுதி முடிக்காத பாடத்தை லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு மொத்தமாக வாங்க முடிவு செய்தார்கள்.

பணம் வந்த வழியும் முக்கியம். பள்ளிக் கட்டடங்களைக் கட்டவும் பழுது பார்க்கவும் வாக்காளர்கள் ஒப்புதல் தந்து திரட்டிய கடன் பத்திரப் பணம் அது. கட்டடம் பல பத்தாண்டுகள் நிற்கும், அதனால் அதற்கு நீண்ட காலக் கடன் வாங்குவதில் அர்த்தம் உண்டு. டேப்லெட் மூன்று நான்கு வருடத்தில் பழசாகிவிடும். இந்தப் பணத்தை அதற்குச் செலவிடலாமா என்று அப்போதே கடுமையாகக் கேட்டார்கள். இன்னொரு பக்கம், கூரை ஒழுகும் பள்ளிகள் பழுதுபார்ப்புக்குக் காத்துக்கிடந்தன.

அப்புறம் விசைப்பலகை. உயர்நிலை வகுப்புகளில் இதுதான் அன்றாட வேலையை அதிகம் பாதித்தது என்று நினைக்கிறேன். பதினோராம் வகுப்பு மாணவி வரலாற்றுக் கட்டுரை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆவணங்களைப் படித்து, அவற்றிலிருந்து மேற்கோள் எடுத்து, நான்கு பக்கம் எழுத வேண்டும். ஐபேடில் எழுதத் தொட்டவுடன் திரையிலேயே விசைகள் எழும்பி வந்து பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். மீதி இடத்தில் தான் எழுதிய நாலைந்து வரி தெரியும். ஆவணத்தைப் பார்க்க வேறு பக்கத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். அன்றைய ஐபேடில் இரண்டு செயலிகளை அருகருகே வைத்துப் பார்க்கும் வசதியும் கிடையாது. கண்ணாடியில் தட்டித் தட்டி ஒரு பத்தி எழுதுவதற்குள் யோசனை அறுந்துபோகும். புதிய தேர்விலும் நீளமாக எழுத வேண்டியிருந்ததால் தனி விசைப்பலகை தேவை என்பது பிறகுதான் பேச்சுக்கு வந்தது. முதல் ஒப்பந்தத்தில் அது சேர்க்கப்படவில்லை. அதற்கு வேறு பணம் தேட வேண்டியிருந்தது.

உயர்நிலை மாணவர்களுக்கு லேப்டாப் பொருத்தமா, டேப்லெட் பொருத்தமா என்று ஆசிரியர்களிடம் கேட்டிருந்தால் இது முதல் நாளே தெரிந்திருக்கும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனுக்கும் ஒரே கருவி என்று முடிவு செய்தவர்களுக்கு வேலையின் வித்தியாசம் கண்ணில் படவில்லை. 2014-ல்தான் சில உயர்நிலைப் பள்ளிகளுக்கு லேப்டாப்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சோதித்துப் பார்க்க வாய்ப்பு தந்தார்கள்.

ரூஸ்வெல்ட் பள்ளி, 2013 செப்டம்பர்

பாயில் ஹைட்ஸ் பகுதியில் இருக்கிறது தியடோர் ரூஸ்வெல்ட் உயர்நிலைப் பள்ளி. பெரும்பாலும் மெக்சிகோ, மத்திய அமெரிக்க வம்சாவளிக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் பழைய பள்ளி. ஐபேட் கைக்கு வந்து சில நாட்களிலேயே மாணவர்கள் அதன் பூட்டைத் திறந்துவிட்டார்கள். வெஸ்ட்செஸ்டர் பகுதியில் ஒரு பள்ளியிலும் இன்னொரு பள்ளியிலும் இதே நடந்தது. எல்லாம் சேர்த்துச் சுமார் 300 மாணவர்கள்.

செய்திகளில் இதற்கு ஹேக்கிங் என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் செய்தது என்ன? மாவட்ட நிர்வாகம் ஒவ்வொரு ஐபேடிலும் ஒரு கட்டுப்பாட்டு ப்ரொஃபைலை நிறுவியிருந்தது. எந்தத் தளத்தைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்பதைத் தீர்மானிப்பது அதுதான். செட்டிங்ஸைத் திறந்து, அந்த ப்ரொஃபைலைக் கண்டுபிடித்து, நீக்கு என்ற பொத்தானைத் தட்டினால் அது போய்விடும். வடிகட்டியும் அதோடு போய்விடும். நிரல் எழுதத் தெரிய வேண்டாம், கேபிள் வேண்டாம், கணினி வேண்டாம். அதற்குப் பிறகு யூடியூப், ஃபேஸ்புக், பாட்டு எல்லாம் திறந்துகொண்டன. வீட்டுக்கு எடுத்துப் போன கருவியில் அதுவரை உருப்படியாக எதையும் செய்ய முடியவில்லை என்று மாணவர்கள் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். நாங்கள் பள்ளிப் பிள்ளைகள், இப்படி நடக்கும் என்று பெரியவர்கள் எதிர்பார்த்திருக்க வேண்டாமா என்றும் கேட்டார்கள்.

நிர்வாகம் உடனே வீட்டுக்கு எடுத்துப் போகும் அனுமதியை நிறுத்தியது. சில பள்ளிகளில் கருவிகளையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எல்லாக் கருவிகளையும் திரும்பச் சேகரிப்பதும் எளிதாக இருக்கவில்லை. இந்த வித்தை சமூக வலைத்தளங்களில் பரவி மற்றப் பள்ளிகளுக்கும் போய்விடும் என்று பள்ளி மாவட்டத்தின் காவல் துறையே கவலைப்பட்டு, விநியோகத்தைத் தள்ளிவைக்கலாமா என்று யோசனை சொன்னது.

இந்த இடத்தில் நிர்வாகம் ஒரு பெரிய தகவலைக் கையில் வைத்துக்கொண்டு படிக்காமல் விட்டுவிட்டது என்பது என் வருத்தம். 300 பிள்ளைகள் ஒரு கருவியின் செட்டிங்ஸ் வரை போய் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒருவர் கண்டுபிடித்ததை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கற்றல் என்று நாம் சொல்வதெல்லாம் அங்கே நடந்திருக்கிறது, ஆனால் திட்டத்துக்கு வெளியே நடந்திருக்கிறது. வீட்டில் அந்தக் கருவியைத் திறந்து செய்ய வேண்டிய வேலை ஒன்றை யாராவது கொடுத்திருந்தார்களா என்று கேட்டிருக்க வேண்டிய தருணம் அது. கொடுத்திருந்தாலும் சிலர் பூட்டைத் திறந்திருப்பார்கள், அது வேறு. வேலையே இல்லாத கருவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதில் வேலை தேடிக்கொண்ட பிள்ளைகளைக் குற்றவாளிபோல நடத்தியது சரியில்லை.

பூட்டு பற்றிய பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே இன்னொரு குழப்பம். கருவி தொலைந்தால், உடைந்தால் யார் பணம் கட்டுவது? ஒரு பள்ளியில் பெற்றோர் பொறுப்பு என்றார்கள், இன்னொரு பள்ளியில் பள்ளியின் பொறுப்பு என்றார்கள். பெற்றோருக்குப் போன படிவங்களும் ஒரே மாதிரி இல்லை. வாடகை கொடுக்கவே திணறும் குடும்பத்துக்கு 700 டாலர் பொருளைப் பையில் போட்டு அனுப்பினால் அது பிள்ளைக்குப் பரிசாகத் தெரியாது, பயமாகத்தான் தெரியும். பிள்ளை அதை வீட்டுக்கே கொண்டுவர வேண்டாம் என்று அம்மா சொன்னால் அவரைக் குறை சொல்ல முடியுமா? எல்லோருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்று ஆரம்பித்த திட்டத்தில், ஏழைக் குடும்பத்தின் இந்தப் பயத்தைப் பற்றி முன்கூட்டியே யோசிக்காதது பெரிய விடுபாடு.

245 வகுப்பறைகள்

மாவட்ட நிர்வாகமே அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட்ஸ் ஃபார் ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனத்திடம் திட்டத்தை மதிப்பிடச் சொன்னது. முதலாண்டு அறிக்கை 2014 செப்டம்பரில் வெளியானது. ஆய்வாளர்கள் 245 வகுப்பறைகளுக்கு நேரில் போய் உட்கார்ந்து பார்த்தார்கள். பியர்சன் பாடத்திட்டத்தைப் பயன்படுத்திக்கொண்டிருந்த ஆசிரியர் ஒரே ஒருவர்.

உயர்நிலைப் பள்ளிகளின் நிலைமை இன்னும் மோசம். ஐந்தில் நான்கு உயர்நிலைப் பள்ளிகள், டேப்லெட்டை அரிதாகத்தான் பயன்படுத்துகிறோம் என்றன.

இதை ஆசிரியர்களின் மெத்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம், தவறும்கூட. உயர்நிலை வகுப்பின் நாளை நினைத்துப் பாருங்கள். ஒரு ஆசிரியரிடம் ஐந்து வகுப்புகள், ஒவ்வொன்றிலும் முப்பது நாற்பது பிள்ளைகள். ஒரு பாடவேளை ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. கருவிகள் வண்டியில் வருகின்றன. எண் பார்த்து ஆளுக்கொன்று எடுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு கருவிகளில் சார்ஜ் இருக்காது. மூன்று பேர் பாஸ்வேர்டை மறந்திருப்பார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையும்போது வைஃபை திணறும். பாடம் ஆரம்பிக்கும்போது பத்துப் பதினைந்து நிமிடம் போயிருக்கும், கடைசியில் திரும்பச் சேகரித்து எண்ணி வைக்க இன்னும் ஐந்து நிமிடம். தொடக்கப் பள்ளியில் ஒரே ஆசிரியர் நாள் முழுக்க அதே பிள்ளைகளோடு இருப்பதால் ஒரு முறை எடுத்தால் நாள் முழுவதும் ஓடும். உயர்நிலைப் பள்ளியில் ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் இந்தச் சடங்கு புதிதாக ஆரம்பிக்கும். இழந்த இருபது நிமிடத்துக்கு ஈடாகப் பாடம் அவ்வளவு நன்றாக நடக்குமா என்று ஆசிரியர் கணக்குப் பார்க்கிறார். நடக்காது என்று தெரிந்தால் புத்தகத்தை எடுக்கிறார். என் கண்ணுக்கு அது தொழில் தெரிந்த ஆசிரியரின் முடிவு.

பாடமே சரியாக வந்து சேரவில்லை என்பதும் பிறகு தெரிந்தது. மாவட்டத்தின் உள் குறிப்பு ஒன்றின்படி, 2015 வாக்கில்கூட அந்தப் பாடத்திட்டத்தைத் தடையின்றித் திறக்க முடிந்த மாணவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாத பிள்ளைகளுக்கு ஏற்ற பகுதிகள் போதுமான அளவில் இல்லை என்ற புகாரும் எழுந்தது. ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள் இவ்வளவு வாழும் ஊரில் இந்தத் தேவையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது எனக்குப் புரியவே இல்லை.

மின்னஞ்சல்கள்

சர்ச்சைப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது நிறையப் பேசப்பட்டுவிட்டது. 2014 ஆகஸ்டில் தெற்குக் கலிஃபோர்னியா பொது வானொலி, டீசியும் அவருடைய துணைக் கண்காணிப்பாளரும் டெண்டர் வருவதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே பியர்சன், ஆப்பிள் நிர்வாகிகளுடன் பேசிக்கொண்ட மின்னஞ்சல்களை வெளியிட்டது. துணைக் கண்காணிப்பாளர் முன்பு பியர்சனின் துணை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். அது ஒரு முன்னோட்ட முயற்சிக்கான பேச்சு, டெண்டர் நியாயமாகவே நடந்தது என்பது டீசியின் பதில். ஒப்பந்தத்தை அவரே நிறுத்திவைத்தார். அக்டோபர் 16 அன்று விலகினார். எஃப்.பி.ஐ. விசாரணை நீண்டது. 2017 பிப்ரவரியில், யார் மீதும் வழக்குத் தொடரப் போவதில்லை என்று அரசு வழக்கறிஞர் அலுவலகம் அறிவித்தது.

குற்றம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அதே சமயம் அந்த மின்னஞ்சல்களில் என்னை உறுத்தியது வேறு. பொருளும் நிறுவனமும் பேச்சில் இருக்கின்றன. எந்த வகுப்பில் எந்தக் குறையைத் தீர்க்க இது வேண்டும் என்பதை ஆசிரியர்களோடு உட்கார்ந்து எழுதிய தாள் ஒன்று அந்தப் பேச்சுக்கு முன்னால் இருந்திருக்க வேண்டும். அது இருந்திருந்தால் பேச்சே வேறு மாதிரி போயிருக்கும். மத்தியக் கல்வித் துறையின் தொழில்நுட்பப் பிரிவு 2015 ஜனவரியில் வெளியிட்ட மதிப்பீடும், ஒரே வணிகப் பொருளையே மாவட்டம் பெரிதும் சார்ந்திருந்ததையும், வகுப்பறையில் எப்படிப் பயன்படுத்துவது என்ற திட்டமிடல் போதாமல் இருந்ததையும்தான் சுட்டிக்காட்டியது.

டீசிக்குப் பிறகு வந்த ரமோன் கோர்ட்டினஸ், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கருவி கொடுக்க மாவட்டத்தால் முடியாது என்று 2015 பிப்ரவரியில் வெளிப்படையாகச் சொன்னார். பியர்சன் பாடத்துக்காகக் கொடுத்த பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி ஆப்பிளுக்குக் கடிதம் போனது. அதே பாடத்தோடு லேப்டாப் தந்த லெனோவோவோடும் பேச்சு நடந்தது. கடைசியில் ஏறக்குறைய 64 லட்சம் டாலரில் சமரசம் முடிந்தது, அதில் ஆப்பிள் தரப்பில் 42 லட்சம்.

வேறு இரண்டு ஊர்கள்

லாஸ் ஏஞ்சலிஸ் தனி விபத்தா என்று பார்க்க, அதே 2013 ஆகஸ்டில் வட கரோலினாவின் கில்ஃபர்ட் மாவட்டத்தைப் பார்க்கலாம். நியூஸ் கார்ப்பரேஷனின் ஆம்ப்ளிஃபை நிறுவனம் தந்த சுமார் 15,000 டேப்லெட்டுகளை நடுநிலைப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குத் திரை உடைந்தது. ஒரு மாணவரின் வீட்டில் சார்ஜர் சூடாகி உருகியது. அக்டோபரில் அத்தனையையும் திரும்ப வாங்கிவிட்டார்கள். ஆனால் அந்த மாவட்டம் அங்கேயே கைவிடவில்லை. அடுத்த கல்வியாண்டில் உறுதியான வேறு கருவியோடு மறுபடி தொடங்கியது. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் புத்தகப் பை ஒரு நாளில் எத்தனை முறை தரையில் விழும் என்பது பள்ளியில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். வாங்கும் மேசையில் அவர்களில் ஒருவர் இருந்தால் போதும்.

மெய்ன் மாநிலம் இதற்கு நேர் எதிர். ஆங்கஸ் கிங் ஆளுநராக இருந்தபோது, 2002-ல் ஏழாம் வகுப்பு மாணவர்கள் எல்லோருக்கும் லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தார்கள். அடுத்த வருடம் எட்டாம் வகுப்பு. ஐபேட் பிறக்காத காலம் அது, ஆனால் ஒப்பிடத் தகுந்த திட்டம். முதலில் சில பள்ளிகளில் மட்டும் நடத்திப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு முன்பே ஆசிரியர்கள் கையில் கருவி போனது, பயிற்சியும் சேர்ந்தே போனது. கருவியோடு எழுதி முடிக்காத பாடத்திட்டம் எதையும் கட்டி அனுப்பவில்லை. ஆசிரியர் தான் ஏற்கெனவே நடத்தும் பாடத்துக்குள் அதைக் கொண்டுவந்தார். 2007-ல் தெற்கு மெய்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிள்ளைகளின் எழுத்துத் திறன் கூடியிருப்பதாகக் கண்டார்கள். ஏன் எழுத்தில்? எழுதி, அழித்து, திருத்தி, மறுபடி எழுதுவதற்கு அந்தக் கருவி உண்மையிலேயே உதவியது. கையால் எழுதியதை மூன்றாவது முறை படியெடுக்கச் சொன்னால் எந்தப் பிள்ளையும் முகம் சுளிக்கும், திரையில் அந்தச் சுமை குறைவு. கருவியின் இயல்பும் வேலையின் இயல்பும் ஒன்றோடொன்று பொருந்திய இடம் அது.

உயர்நிலை வகுப்பில் டேப்லெட்டுக்கு எங்கே வேலை

இதையெல்லாம் வைத்து டேப்லெட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சில வேலைகளுக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. இயற்பியல் வகுப்பில் ஒரு பந்து சாய்தளத்தில் உருள்வதை மாணவர்களே படம்பிடித்து, ஒவ்வொரு சட்டகமாக நிறுத்தி, எந்த நேரத்தில் எவ்வளவு தூரம் போனது என்று குறித்துக்கொண்டு, முடுக்கத்தைத் தாங்களே கண்டுபிடிக்கலாம். பாடநூலில் அச்சான வரைபடம் தராத நம்பிக்கையைத் தானே அளந்த எண் தரும். லேப்டாப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. கணிதத்தில் ஒரு சமன்பாட்டின் எண்ணை விரலால் நகர்த்தி, பரவளையம் விரிவதையும் குறுகுவதையும் கண்முன் பார்க்கலாம். வேற்றுமொழி வகுப்பில் தன் குரலைப் பதிந்து, கேட்டு, மறுபடி பேசலாம். பார்வைக் குறைபாடு உள்ள மாணவருக்கு எழுத்தைப் பெரிதாக்கவும், படித்துக் காட்டச் செய்யவும் அதே கருவி போதும், வகுப்பில் தனியாகத் தெரியும்படி வேறொரு இயந்திரத்தைத் தூக்கிவர வேண்டியதில்லை. இந்தக் கடைசிப் பயன் ஒன்றுக்காகவே ஒவ்வொரு பள்ளியிலும் சில டேப்லெட்டுகள் இருக்க வேண்டும் என்பேன்.

இன்னொன்று, பாடத்தின் நடுவே நான்கு கேள்வி கேட்டு, யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று அப்போதே தெரிந்துகொள்வது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் கை தூக்குபவர்கள் எப்போதும் அதே ஐந்து பேர்தான். மற்ற முப்பத்தைந்து பேரின் பதிலும் ஆசிரியரின் திரைக்கு வந்தால், அடுத்த பத்து நிமிடம் எதை நடத்துவது என்று அவர் முடிவு செய்யலாம். ஆனால் அந்தப் பதிலைப் பார்த்துப் பாடத்தை மாற்றும் சுதந்திரம் ஆசிரியருக்கு இருக்க வேண்டும். இன்ன நாளில் இன்ன அலகு என்று கருவியே அட்டவணை போட்டு வைத்திருந்தால் அந்தத் தகவலால் பயன் இல்லை.

நீண்ட வாசிப்புக்கும் நீண்ட எழுத்துக்கும் டேப்லெட் சுமாரான கருவி. நிரல் எழுதவும் அப்படித்தான். உயர்நிலை வகுப்புகளில் இந்த வேலைகளே அதிகம் என்பதால், அங்கே ஆளுக்கொரு டேப்லெட் என்பதைவிட, நான்கு வகுப்புகள் பகிர்ந்துகொள்ளும் ஒரு தொகுப்பும், எழுதுவதற்கு விசைப்பலகை உள்ள கணினியும் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. எத்தனை, எங்கே, எப்போது என்பதை அறிவியல் ஆசிரியரும் மொழி ஆசிரியரும் தனித்தனியாகச் சொல்லட்டும். இருவரின் பதிலும் ஒன்றாக இருக்காது, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கொள்முதல் துறைக்கு இது தலைவலிதான். ஒரே பொருளை லட்சக்கணக்கில் வாங்குவது காகிதத்தில் மலிவாகத் தெரியும். 245 வகுப்பறைகளில் ஒருவர் மட்டும் பயன்படுத்திய பாடத்தின் உண்மையான விலை என்ன என்று லாஸ் ஏஞ்சலிஸ் கணக்கை வைத்தே போட்டுப் பார்க்கலாம்.

அதற்குப் பிறகு

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. வீட்டில் கருவியும் இணையமும் இல்லாத பிள்ளைகளை ஆசிரியர்களால் எட்டவே முடியவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தின் அப்போதைய கண்காணிப்பாளர் ஆஸ்டின் பியூட்னர், கருவிகளுக்கும் இணைய இணைப்புக்கும் 10 கோடி டாலர் அவசர நிதி என்று அறிவித்தார். ஏழு வருடம் முன்பு டீசி சொன்ன ஏற்றத்தாழ்வு எவ்வளவு நிஜம் என்று அந்த வாரங்களில் ஊரே பார்த்தது. முதல் முறை நிதானமாக, ஆசிரியர்களோடு சேர்ந்து செய்திருந்தால் அந்தப் பிள்ளைகளில் பலருக்கு 2020-ல் பழகிய கருவியும், அதில் பாடம் நடத்தப் பழகிய ஆசிரியரும் இருந்திருப்பார்கள். இதில் எனக்கு இன்னும் ஆற்றாமை உண்டு.

2024 ஜூனில் அதே வாரியம், பள்ளி நேரத்தில் மாணவர்கள் செல்போன் பயன்படுத்தத் தடை விதிக்க வாக்களித்தது. 2025 பிப்ரவரியில் தடை நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் தந்த கணினிகளும் டேப்லெட்டுகளும் வகுப்புகளில் தொடர்கின்றன.